காந்தாரம் பாடிய பெட்டி

"தம்பி, கீழே உங்க பெட்டி பாடுது" என்று டீச்சர் போன் செய்தார். 2019 மே மாதம், மாலை ஏழு மணி இருக்கும். சேலையூரில் எட்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம். அதன் மொட்டைமாடியில் சோலார், கார் நிறுத்துமிடத்தில் பேட்டரி, அங்கிருந்து எட்டு வீடுகளுக்கும் 48 வோல்ட் டிசி லைன். எல்லாம் நான் போட்டது. டீச்சர் முதல் மாடியில் குடியிருந்தார், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர்.

பாடுவது என்றால் எப்படி என்று கேட்டேன். "ம்ம்ம்னு ஒரே சத்தம். மத்தியானம் கிடையாது, விளக்கு வச்சப்புறம்தான். எனக்கு சுருதி ஐந்தரைக் கட்டை. பிள்ளைங்க பாடறப்போ அது சாதாரண காந்தாரத்துலயே வந்து நிக்குது. காதைக் குடையுது தம்பி."

எரியவில்லை, ட்ரிப் ஆகிறது, ஷாக் அடிக்கிறது என்றுதான் எனக்குப் புகார் வரும். ஸ்வரத்தோடு வந்த புகார் அது ஒன்றுதான். போனை வைத்ததும் அதைக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு எவ்வளவு பெரிய உதவி என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நான் டிசி பக்கம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரீவைண்டிங் கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றித்தான் தொழில் பழகினேன். 2012இல் தமிழ்நாடு முழுக்கக் கடுமையான மின்வெட்டு. சென்னைக்குள் நாளுக்கு 2 மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் பல ஊர்களில் பாதி நாளுக்கும் மேல் கரண்ட் கிடையாது. இன்வெர்ட்டர் மாட்டி மாளவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. பேட்டரியில் இருப்பது டிசி. இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏசி ஆக்குகிறது. எல்இடி விளக்குக்குள் இருக்கும் டிரைவர் அதை மறுபடி டிசி ஆக்குகிறது. சோலார் போட்ட வீட்டில் பேனல் தருவதும் டிசிதான். டிசியிலிருந்து கிளம்பி டிசிக்கே வந்து சேர இத்தனை கைமாற்றம், ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சூடாகிப் போய்விடுகிறது. (இந்தக் கட்டுரையில் ஏசி என்பது குளிரூட்டி அல்ல, ஈபி கம்பத்திலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம்.)

அதே காலத்தில் ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் இதையே பெரிய அளவில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பற்றாக்குறை நேரத்தில் ஒரு பகுதியை முழுக்க இருட்டாக்காமல், வரும் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது. வீட்டிலிருக்கும் ஒரு சிறு கருவி அதைப் புரிந்துகொண்டு பெரிய லைனை நிறுத்திவிட்டு, 48 வோல்ட் டிசியில் 100 வாட் அளவுக்கு மட்டும் கொடுக்கும். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், போன் சார்ஜர் ஓடும், யார் வீடும் இருளாது. பிறகு ராஜஸ்தானில் ஜோத்பூர் பக்கத்துக் குக்கிராமங்களில் 4,000 வீடுகள் 48 வோல்ட் டிசியில் வெளிச்சம் பெற்றன. 2017இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 48 வோல்ட் வீட்டு மின்விநியோகத்துக்கென்று ஐஎஸ் 16711 என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்தது. தரமணி வரை பஸ்ஸில் போய்க் கேட்டும் படித்தும் நான் கற்றுக்கொண்டது இந்த அலையில்தான்.

எங்கள் ஊருக்கு டிசி புதிதும் அல்ல. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓட ஆரம்பித்தபோது மேலே கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் டிசி. 1960களில்தான் அது 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியது. ஆனால் ரயில்வேயில் இரண்டையும் ஒரே கம்பியில் கலக்க விடமாட்டார்கள். நாங்கள் செய்வது வேறு. ஈபியின் ஏசியையும் சோலாரின் டிசியையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து சந்திக்க வைக்கிறோம். ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்ட வேண்டும், ஒன்று தடுமாறினால் மற்றது விழக்கூடாது. இந்தத் தொழிலின் கஷ்டமெல்லாம் அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது.

ஏசிக்கு ஒரு நாடி உண்டு, 50 ஹெர்ட்ஸ். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சுழலி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. நாட்டின் மின்கட்டமைப்பில் சேர்ந்த இப்படிப்பட்ட இயந்திரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. எங்கோ திடீரென்று சுமை கூடினால் அத்தனை சுழலிகளும் ஒரு துளி மெதுவாகும், நாடி 49.95 ஆகும். அந்தச் செய்தி தாம்பரத்துக்கும் தெரியும், காஷ்மீருக்கும் தெரியும். சில நொடிகளுக்குள் எங்கோ ஒரு நிலையம் நீராவியைக் கூட்டும். பல டன் எடையுள்ள இரும்பு சுற்றிக்கொண்டிருப்பதால் கிடைக்கும் அவகாசம் அது.

டிசிக்கு அந்த நாடி கிடையாது, வோல்டேஜ் ஒன்றுதான் சாட்சி. அவகாசமும் கிடையாது. சேலையூர்ப் பெட்டியில் நான் போட்டிருந்த மின்தேக்கி 1,000 மைக்ரோஃபாரட். 48 வோல்ட்டில் அது சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் ஒரு ஜூலுக்குச் சற்று மேல். ஒரு சின்னக் கொய்யாப்பழத்தைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் ஆகிற வேலை அவ்வளவுதான். எட்டு வீடும் 600 வாட் இழுக்கும் நேரத்தில் பேட்டரி ஒரு கணம் பின்வாங்கினால், அந்தச் சேமிப்பு 2 மில்லி நொடிக்குள் தீர்ந்துவிடும். கண் இமைப்பதற்குள் ஐம்பது முறை தீரும். ஏசியில் பழகியவர்கள் டிசி லைன் போடும்போது சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன்.

ஏசியும் டிசியும் சந்திக்கிற இடம் எப்போதுமே பலவீனமானது என்று நினைத்துவிடக் கூடாது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. தெற்கே நமக்கு அது வரவில்லை. அப்போது தென்னக மின்கட்டமைப்பு மற்ற பகுதிகளோடு ஏசி கம்பியால் சேர்ந்திருக்கவில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கோலார் வரும் டிசி லைன், சந்திரப்பூர், காஜுவாக்கா ஆகிய இடங்களில் இருந்த டிசி இணைப்புகள் இவை வழியாகத்தான் தொடர்பு. டிசி இணைப்பு வாட்டைக் கடத்தும், நாடியைக் கடத்தாது. அங்கே நாடி நின்றாலும் இங்கே நிற்காது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் வடக்கும் ஒரே நாடிக்கு வந்தன. இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசி லைன் 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும். நான் சேலையூரில் செய்ததும் இதே சந்திப்புதான், அளவுதான் வேறு.

வர்தா புயல் என்னை இந்த விஷயத்தில் நன்றாக உலுக்கியது. 2016 டிசம்பர் 12. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. புயலுக்கு மறுநாள் நல்ல வெயில். மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். மாடியில் 5 கிலோவாட் பேனல் வைத்திருந்தார், வேறு ஆள் போட்டது. "பேனல் அத்தனையும் நல்லா இருக்கு, வெயில் கொளுத்துது. அப்புறம் ஏம்ப்பா ஒரு விளக்குகூட எரியல?" போய்ப் பார்த்தேன். இன்வெர்ட்டரில் 'நோ கிரிட்' என்று சிவப்பு எழுத்து. அந்த வகை இன்வெர்ட்டர் ஈபியின் நாடியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஈபி நின்றால் 2 நொடிக்குள் அதுவும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் மேல் அது கரண்ட் தள்ளிவிடும். அவசியமான சட்டம்தான் என்று எடுத்துச் சொன்னேன். பெரியவர் புரிந்துகொண்டார். ஆனாலும் வீட்டில் நெபுலைசர் வைக்க வேண்டிய நிலையில் பேரக்குழந்தை இருந்தது. காரிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றிச் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றை மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். தலைக்கு மேல் 5 கிலோவாட் சும்மா கிடந்தது.

பின்பற்றி நடக்கத் தெரிந்த பெட்டி மட்டும் போதாது, தேவைப்பட்டால் தானே முன்னால் நடக்கத் தெரிந்த பெட்டி வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஈபியை அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் தானே நாடி கொடுக்க வேண்டும், டிசி பக்கம் விழாமல் நிற்க வேண்டும், ஈபி திரும்பும்போது அதன் நாடியோடு மெல்ல ஒத்துப்போய்ச் சேர வேண்டும். லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஈபியின் வோல்டேஜ் பலவீனமாக இருக்கும். நம் பெட்டி தள்ளுகிற கரண்டே அந்த வோல்டேஜை அசைத்துவிடும். பெட்டி அந்த அசைவை ஈபியின் நாடி என்று நினைத்துப் பின்தொடரும், உண்மையில் தன் நிழலைத்தான் தொடர்கிறது. அகரம்தென் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு பெட்டி நாள் முழுக்கச் சேர்வதும் விலகுவதுமாக இருந்தது. பின்தொடரும் வேகத்தைக் குறைத்துவைத்த பிறகு அடங்கியது.

அடுத்த பாடம் மேடவாக்கத்தில், ஒரு சிறிய மருத்துவமனையில். டிசி லைனுக்கு இரண்டு சார்ஜர், ஒன்று போனால் மற்றது இருக்கட்டும் என்று. இரண்டையும் 54.0 வோல்ட்டில் வைத்திருந்தார்கள், துல்லியமாக. ஆனால் உலகில் எந்த இரண்டு மீட்டரும் ஒத்துப்போவதில்லை. ஒன்று 54.0, மற்றது உண்மையில் 54.1. அந்த 0.1 வோல்ட்டுக்காக இரண்டாவது சார்ஜர் மொத்தச் சுமையையும் தானே தூக்கியது, எல்லையைத் தொட்டுத் துவண்டது. உடனே முதலாவது தூக்கியது. இரண்டும் மாறி மாறி மல்லுக்கட்டி, கடைசியில் இரண்டும் ட்ரிப்.

கோயிலில் சாமி பல்லக்குத் தூக்கும் சீர்பாதம்தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மட்டும் முழங்காலை விறைத்து நிமிர்ந்தால் பாரம் முழுவதும் அவர் தோளுக்கு வந்துவிடும். அதனால் எல்லோரும் பாரத்துக்குத் தக்கபடி கொஞ்சம் வளைந்து கொடுத்துத்தான் நடப்பார்கள். சார்ஜருக்கும் அதையே சொல்லிக்கொடுக்க வேண்டும். சுமை இல்லாதபோது 54 வோல்ட், முழுச் சுமையில் 52. கரண்ட் கூடக்கூட வோல்டேஜ் ஒரே சரிவில் இறங்கட்டும். இரண்டுக்கும் ஒரே சரிவு. யார் அதிகம் தூக்குகிறாரோ அவர் தானே தாழ்வார், மற்றவர் தோள் கொடுப்பார். இரண்டுக்கும் நடுவே பேச ஒரு கம்பிகூட வேண்டாம், வோல்டேஜே பேச்சு. அன்று மாலையே அந்தச் சார்ஜர்கள் பாதிக்குப் பாதியாகப் பகிர ஆரம்பித்தன.

இனி சேலையூருக்கு வருகிறேன். டீச்சர் போன் செய்த மறுநாள் மாலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தேன். ஐந்தரைக் கட்டை என்றால் மேல் ஸா 415 ஹெர்ட்ஸ். சாதாரண காந்தாரம் அதற்கு ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வரும். 498. கிட்டத்தட்ட 500. ஈபியின் 50க்கோ 100க்கோ உரிய உறுமல் இல்லை இது. சார்ஜருக்குள் ஸ்விட்ச் ஆகும் வேகம் காதுக்கே எட்டாது. அப்படியானால் 500 எங்கிருந்து வருகிறது?

பேட்டரிக்கும் லைனுக்கும் நடுவே ஒரு சோக் காயில் வைத்திருந்தேன், மின் இரைச்சலை வடிகட்ட. அதற்கடுத்து 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. காயிலும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரி, தமக்கென்று ஓர் ஆட்டம் இருக்கும். 500 ஹெர்ட்ஸில் ஆட வேண்டுமென்றால் காயில் 100 மைக்ரோஹென்றி இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. காயிலைக் கழற்றி அளந்தேன். 102. டீச்சரின் காது என்னுடைய மீட்டரோடு ஒத்துப்போனது. அந்த நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான்.

ஊஞ்சல் இருப்பது தெரிந்துவிட்டது, தள்ளிவிடுவது யார்? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் 48 வோல்ட்டை 24 ஆக்கும் ஒரு சின்ன கன்வர்ட்டர் வைத்திருந்தேன். வீட்டுக்குள் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, 9 வாட் எல்இடி விளக்கு மூன்று. அந்த கன்வர்ட்டரின் பெருமையே, உள்ளே வோல்டேஜ் எப்படி ஆடினாலும் வெளியே 24ஐ விடாமல் காப்பதுதான். 48 வோல்ட்டில் 600 வாட் என்றால் 12.5 ஆம்பியர். லைன் 46க்கு இறங்கினால் அது குறைத்துக்கொள்ளாது, 13க்கு மேல் இழுக்கும். லைன் தளரும்போது இன்னும் கொஞ்சம் இழுக்கும், நிமிரும்போது கொஞ்சம் விடும். ஊஞ்சல் பின்னே போகும் நேரம் பார்த்து, பின்னாலேயே தள்ளுவது போல.

பழைய குண்டு பல்பு அப்படிச் செய்யாது. வோல்டேஜ் குறைந்தால் மங்கும், குறைவாக இழுக்கும், லைனுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். ரெகுலேட்டர் வைத்த பழைய ஃபேனும் வோல்டேஜ் குறைந்தால் மெல்லச் சுற்றும். அவை கரண்டைத் தின்றன, ஆனால் விட்டுக்கொடுத்தன. நாம் இப்போது மாட்டுகிற சிக்கனமான பொருள்கள் விட்டுக்கொடுப்பதில்லை. 75 வாட் ஃபேனை 30 வாட் ஆக்கியதில் எனக்குச் சந்தோஷம்தான், இன்னும் ஆயிரம் வீட்டில் மாற்றுவேன். ஆனால் வீட்டில் விட்டுக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் போய்விட்டால், அந்த வேலையை யாராவது ஒருவர் ஏற்றாக வேண்டும். அதை டிசைன் செய்கிறவன்தான் ஏற்க வேண்டும். நான் ஏற்கத் தவறியிருந்தேன்.

கணக்கு இதுதான். பேட்டரியும் கேபிளும் சேர்ந்த தடை, மின்தேக்கியின் அளவு, வோல்டேஜின் வர்க்கம், மூன்றையும் பெருக்கிக் காயிலின் அளவால் வகுத்தால், விட்டுக்கொடுக்காத சுமை எத்தனை வாட் வரை தாங்கும் என்பது கிடைக்கும். என் தடை 20 மில்லி ஓம். நல்ல தடித்த கேபிள் போட்டிருந்தேன் என்று பெருமைப்பட்ட விஷயம் அது. இழப்பு குறைவு, ஆனால் ஆட்டத்தை அடக்கவும் ஆள் குறைவு. வந்த விடை சுமார் 450 வாட். முதல் வருடம் நான்கு வீடுகள்தான் சேர்ந்திருந்தன. பொது விளக்கும் கேமராவும் சேர்த்து உச்சத்தில் 408 வாட். பெட்டி அமைதியாக இருந்தது. மறு வருடம் மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். பேட்டரி தாங்குமா, கேபிள் தாங்குமா என்று பார்த்தேன், இரண்டும் தாங்கும். மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. மே மாதப் புழுக்கத்தில் எட்டு வீட்டிலும் எல்லா ஃபேனும் சுற்ற ஆரம்பித்த மாலையில் சுமை 450ஐத் தாண்டியது, காயில் பாட ஆரம்பித்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கன்வர்ட்டர்கள் ஒவ்வொன்றாகப் போயிருக்கும்.

மறுநாள் மின்சார ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4,700 மைக்ரோஃபாரட், 100 வோல்ட், 105 டிகிரி மின்தேக்கி ஒன்றும், 0.33 ஓம் வயர்வௌண்ட் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கினேன். மொத்தச் செலவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரயில் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் சேர்த்தே ஐந்நூறு ரூபாய் ஆகவில்லை. ரெசிஸ்டரையும் மின்தேக்கியையும் வரிசையாகச் சேர்த்து லைனுக்குக் குறுக்கே போட்டேன். ஆடும் கரண்ட் இந்த வழியே வந்து ரெசிஸ்டரில் சூடாகிக் கரைந்துபோகும், ஆடாத கரண்ட் இதைத் தொடாது. அதனால் வீண் இழப்பும் இல்லை.

மாலை ஏழு மணிக்கு ஆசிலாஸ்கோப்பை மாட்டிவிட்டு, உதவிக்கு வந்த பையனை வீடு வீடாக அனுப்பி ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். "அண்ணே, ஆறாவது போட்டாச்சு" என்று மேலேயிருந்து கத்தினான். திரையில் கோடு ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி, ஒருமுறை மேலே எழும்பி, அடங்கியது. ஏழு. எட்டு. அடங்கியது. டீச்சர் கீழே இறங்கி வந்து பெட்டி பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, என் தலையைத் தொட்டுவிட்டு மேலே போனார்.

அதற்குப் பிறகு நான் போடும் ஒவ்வொரு டிசி பெட்டியின் கதவிலும் உட்புறம் மூன்று எண்கள் எழுதி வைக்கிறேன்: பேட்டரி எத்தனை வாட் தாங்கும், கேபிள் எத்தனை தாங்கும், ஆடாமல் எத்தனை தாங்கும். மூன்றாவது எண்ணைத்தான் பெரிதாக எழுதுவேன். பெருங்களத்தூரில் ஓர் அசோசியேஷன்காரர்கள் அதே லைனில் ஸ்கூட்டர் சார்ஜர் இரண்டு போட வேண்டும் என்றார்கள். கதவைத் திறந்து அந்த எண்ணைக் காட்டினேன். சார்ஜரைத் தனிப் பெட்டியில் போட ஒத்துக்கொண்டார்கள்.

மின்தேக்கி நிரந்தரப் பொருள் அல்ல. அதற்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்லக் காய்ந்துபோகும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் வாய்ப்பாடு. மார்ச் முதல் ஜூன் வரை கார் நிறுத்துமிடத்துப் பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்தால் அந்த வாய்ப்பாடு புரியும். அதனால் சேலையூர்ப் பெட்டியின் கதவில் மார்க்கரால் '2024 மே' என்று எழுதியிருந்தேன். அந்த மாதம் போய்க் கழற்றி அளந்தேன். 4,700 என்று அச்சிட்டது 3,850 காட்டியது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். புதியதை மாட்டிவிட்டு, பழைய தேதியை அடித்து, கீழே '2029 மே' என்று எழுதினேன்.